எல்லைப்புறத்தில் செவிலித் தொழில்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருஞ்சாலையில் தெற்கு நோக்கி வருவோமானால், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். பாறசாலையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. தென்னையும் வாழையும் மரவள்ளியும் செழித்த அந்நிலத்தில், ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்கும் இடத்தைக் கண்ணால் காண இயலாது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுவதைக் கொண்டே நாம் அதனை அறிகிறோம்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ் அன்பர்கள் பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுப் பெயர்ந்தவர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் தமிழரின் நிலை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று எல்லைக்கோடுதான் வந்து அவர்களுக்குத் தெற்கே நின்றது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆகவே, வேற்று மொழி வழங்கும் மாநிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்குவதில் உள்ள இடர்ப்பாடுகளை உங்களைப் போலவே அவர்களும் அறிவர்.

இவ்வெல்லைப்புறத்துக் குடும்பங்கள் தம் பெண் மக்களுக்கு நாடும் தொழில்களுள் செவிலித் தொழில் முதன்மையானது. அத்தொழில் இங்கே எவ்வாறு வேரூன்றியது, அதன் வாயில் யாருக்குத் திறந்தது, இன்று அவ்வாயிலில் நிற்பவர் அறிய வேண்டுவன யாவை என்பவற்றை இவ்வுரையில் நோக்குவோம்.

செவிலி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் தலைவியை வளர்த்தவள். பெற்ற தாய்க்கு ஒப்பாக மதிக்கப்பட்டவள். ஆனால் நோயுற்ற அயலாரைத் தொட்டுத் தூக்கிப் புண் கழுவும் பணிக்கு அத்தகைய மதிப்பு நம் நாட்டில் நெடுங்காலம் கிட்டவில்லை. பிள்ளைப்பேறு பார்ப்பவளை மருத்துவச்சி என்று தமிழிலும் வயற்றாட்டி என்று மலையாளத்திலும் அழைத்தார்கள். பேறு முடிந்ததும் அவளுக்கு நெல்லும் துணியும் கொடுத்துப் புறக்கடை வழியே அனுப்பிவைத்தார்கள். இன்ன சாதியார் இன்ன சாதியாருக்கு இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று விதித்திருந்த பழைய திருவிதாங்கூரில், ஒருவர் உடலை மற்றொருவர் தொட்டுப் பேணும் தொழில் எளிதில் தழைக்குமா? அதற்கு முதலில் சமுதாயமே சிறிது அசைய வேண்டியிருந்தது.

அவ்வசைவு கல்வியிலிருந்து தொடங்கியது. 1806-இல் ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிகளை நிறுவினர். மார்த்தா மால்ட் அம்மையார் 1820 ஆண்டையொட்டி நாகர்கோவிலில் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி நடத்தினார். அங்கே எழுத்தோடு லேஸ் பின்னுதலும் கற்பிக்கப்பட்டது. அக்கைத்தொழிலில் கிடைத்த காசு பல பெண்களின் குடும்பங்களைத் தாங்கிற்று. பாறசாலையில் ஜான் ஆப்ஸ் பாதிரியார் 1845-இல் தங்கிப் பணியாற்றத் தொடங்கினார். அவருக்குப் பின் சாமுவேல் மெட்டீர் அங்கே இருந்தார். அவர் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூல்களை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள்.

எழுத்தறிந்த பெண் தன் மானத்தையும் அறிந்தாள். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் 1820-களில் மூண்டு, 1858, 1859-ஆம் ஆண்டுகளில் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலும் கடுமையாக எழுந்தது. 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா பிறப்பித்த ஆணை அவ்வுரிமையைச் சில வரம்புகளுடன் ஏற்றது. இந்நிகழ்ச்சியைச் செவிலித் தொழிலின் வரலாற்றில் ஏன் குறிக்கிறோம் என்று கேட்கலாம். தோளில் துணி போடுவதற்கே போராட வேண்டியிருந்த குலத்துப் பெண்களின் வழிவந்தோர், இரண்டொரு தலைமுறை கழிந்தபின் வெள்ளுடை அணிந்து மருத்துவமனையின் வார்டுகளில் நின்றார்கள். அவ்வுடையின் மதிப்பு மாதச் சம்பளத்தைக் கொண்டு மட்டும் அளக்கத் தக்கதன்று.

இனி மருத்துவமனையின் கதைக்கு வருவோம். 1838-இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் நெய்யூரில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. பின்னர் வந்த லீச் என்னும் இளம் மருத்துவர் 1854-இல் முட்டம் கடலில் மூழ்கி மாண்டார். 1861-இல் வந்த ஜான் லோ ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். கடல் கடந்து வரும் ஒற்றை மருத்துவரை நம்பி ஒரு மருத்துவமனை நிலைக்காது. உள்ளூர் மக்களே பயின்றால்தான் அது நிலைக்கும் என்பதே அவ்வுண்மை. அவர் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வகுப்பு நடத்தி, உடற்கூறும் மருந்துக் கலவையும் கட்டுக்கட்டும் முறையும் கற்பித்தார். 1868-இல் லோ தாயகம் திரும்பினார். அடுத்த மருத்துவராகிய தாம்சன் 1873-இல்தான் வந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பணி நின்றுவிடாமல் காத்தவர்கள் லோவிடம் பயின்ற நாட்டு உதவியாளர்களே. இப்பகுதியில் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் என்னும் இனம் அவர்களிலிருந்தே தோன்றிற்று எனலாம்.

அவர்கள் ஆண்கள் என்பது குறிப்பிடத்தக்கது. டிரெஸ்ஸர், கம்பவுண்டர் என்னும் பெயர்களை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். பெண் நோயாளிகள் பெருகப் பெருகப் பெண் பணியாளரின் தேவையும் பெருகிற்று. அந்தப்புரத்தை விட்டு வெளிவராத பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே சிகிச்சை அளிக்கும் நோக்குடன் 1885-இல் டஃபரின் சீமாட்டி இந்தியா முழுமைக்கும் ஒரு நிதியை ஏற்படுத்தியதும் இக்காரணத்தாலேயே.

உலக அரங்கையும் ஒரு கணம் நோக்குவோம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரால் தாதியர் பள்ளி 1860-இல் திறக்கப்பட்டது. பதினோராண்டு கழித்து, 1871-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி 1909-இல் அமைந்தது. 1946-இல் வேலூரும் தில்லியும் பட்டப்படிப்பையே தொடங்கின. திருவிதாங்கூர் அரசோ 1865-இல் திருவனந்தபுரத்தில் பெரிய மருத்துவமனையைத் திறந்தது; ஆயினும் பயிற்சி பெற்ற செவிலியருக்காக வெளிநாட்டை நோக்க வேண்டியிருந்தது. 1906-இல் சுவிட்சர்லாந்திலிருந்து திருச்சிலுவைச் சகோதரிகள் திருவிதாங்கூருக்கு வந்து நோயாளர் பணியை மேற்கொண்டனர்.

அரசுத் துறையில் இந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் தலைசிறந்தவர். 1886-இல் பிறந்த இவர் விஞ்ஞானம் பயில விரும்பினார். பெண் என்பதால் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் அவ்வகுப்பில் இடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909-இல் பி.ஏ. பட்டம் பெற்று, பின்னர் லண்டன் சென்று மருத்துவரானார். 1916-இல் தாயகம் திரும்பித் தைக்காட்டுப் பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். மருத்துவமனைக்கு வந்து பிள்ளை பெற அக்காலப் பெண்கள் அஞ்சினர். ஊர் மருத்துவச்சிகளும் அதனை விரும்பவில்லை. அம்மையார் அவர்களைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்களுடைய மக்களையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். பழைய தொழிலின் கைப்பழக்கத்தோடு புதிய அறிவு இவ்வாறு சேர்ந்தது. 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். விஞ்ஞான வகுப்பின் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண் ஒருவர் நாட்டின் மருத்துவத் துறைக்கே தலைவரானது சிறிய செய்தியா?

தெற்கே நாகர்கோவிலில், இரட்சணிய சேனையைச் சேர்ந்த ஹாரி ஆண்ட்ரூஸ் 1893-இல் தம் இருப்பிடத்தின் குளியலறையிலேயே சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். 1900-இல் டாக்டர் பெர்சி டர்னர் வந்தபின் அது காதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. நெய்யூருக்கு 1922-இல் ஒரு விருந்தாளி வந்தார். எவரெஸ்டு மலையேற்றக் குழுவில் சென்று திரும்பிய அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் அவர். டாக்டர் பியூ என்னும் ஒரே மருத்துவர் பெருங்கூட்டத்தை எதிர்கொண்டு நிற்பதைக் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்வைத் துறந்து, 1923-இல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தபின், வேலூரில் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இத்தகைய மருத்துவமனைகளில் அக்காலத்தில் ஒருவர் எவ்வாறு தொழில் கற்றார்? ஓரளவு படித்த இளைஞரோ பெண்ணோ முதலில் சிறு பணிகளில் சேர்வர். தரை துடைத்தல், கட்டுத்துணி துவைத்துச் சுருட்டுதல், கருவிகளைக் கொதிநீரில் இட்டு எடுத்தல், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுதல் ஆகியவை அப்பணிகள். கூர்மையும் பொறுமையும் உடையவரை மருத்துவர் கண்டுகொண்டு புண் கட்டவும், மருந்து அளக்கவும், காய்ச்சலைக் குறிக்கவும் பழக்குவார். வேலையே பள்ளிக்கூடம், வார்டே வகுப்பறை. சிறிய வேலையில் நுழைந்தவர் படிப்படியாக ஏறுவதற்கு வழி இருந்தது. அவ்வழியின் நன்மை ஏழைக்கும் அது திறந்திருந்தமை. அதன் குறை யாதெனில், ஓரிடத்தில் கற்றவருக்கு மற்றோரிடத்தில் மதிப்பில்லை. கற்பித்த மருத்துவரின் கடிதமே அவருக்குச் சான்று.

இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் இம்முறை மாறத் தொடங்கிற்று. 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாற்பத்து மூவாயிரம் மக்களுக்கு ஒரு செவிலியே உள்ளார் எனக் கணக்கிட்டுக் காட்டியது. 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1926-லேயே பதிவுச் சட்டம் வந்திருந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் 1953-இல் வந்தது. பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறாதவர் செவிலியர் அல்லர் என்பது நாளடைவில் உறுதியாயிற்று. கிராமத் தேவைக்காகத் துணைச் செவிலி மருத்துவச்சிப் பயிற்சி 1951-இல் பஞ்சாபில் உள்ள தரன்தாரனில் தொடங்கியபோது, ஏழாண்டுப் பள்ளிக் கல்வியே போதும் என்றிருந்தது. பின்னர்ப் பத்தாம் வகுப்பு வேண்டுமென்றாயிற்று. இன்று பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். வாயில் அதுவே, வாயிற்படிதான் தலைமுறைக்குத் தலைமுறை உயர்ந்து வந்திருக்கிறது.

இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த அதே வேளையில் எல்லைக்கோடும் வந்தது. முன்பு பாறசாலைக்கு நெய்யூர் அதே நாட்டின் ஊர். 1956-க்குப் பின் அது வேற்று மாநிலத்தின் ஊர். திருச்சபையும் 1959-இல் மொழிவழியே பிரிந்து, கன்னியாகுமரிப் பேராயமும் தென் கேரளப் பேராயமும் தனித்தனியாயின. ஆயினும் நோயாளிகள் எல்லையைப் பார்த்து நோயுறுவதில்லை. எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கத்தில் உள்ள காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குச் சாமர்வெல்லின் பெயரே சூட்டப்பட்டது. நெய்யாற்றின்கரையில் அரசு பொது மருத்துவமனையும் பாறசாலையில் தாலுகா மருத்துவமனையும் உள்ளன. 1979-இல் திருவனந்தபுரம்-கன்னியாகுமரி இருப்புப்பாதை திறந்தபின், பாறசாலையில் வண்டியேறி இருபுறமும் சென்று படிக்கவும் பணிபுரியவும் வழி பிறந்தது.

இனி, இன்று இத்தொழிலை நாடும் பெண்ணோ ஆணோ அறிய வேண்டுவனவற்றைச் சொல்வோம். இன்று மூன்று படிப்புகள் உள்ளன. துணைச் செவிலிப் பயிற்சி இரண்டு ஆண்டு. கேரளத்தில் இதனை முடிப்பவர் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியாகப் பணிபுரிவர். பொதுச் செவிலிப் பட்டயம் மூன்று ஆண்டு. பி.எஸ்ஸி. பட்டம் நான்கு ஆண்டு. பட்டப்படிப்புக்குப் பதினேழு வயது நிரம்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்றிருக்க வேண்டும். ஆகவே உண்மையான தேர்வு பத்தாம் வகுப்பு முடித்த கோடையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அப்போது வணிகவியலை எடுத்த பெண்ணுக்குப் பட்டப்படிப்பின் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும்; பட்டயப் படிப்பே எஞ்சும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதனை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு மொழிச்சுமையும் உண்டு. தமிழ்வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர் மேல்நிலை விஞ்ஞானத்தை ஆங்கில நூல்களில் படிக்க நேர்கிறது. செவிலியர் பள்ளியிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். நோயாளியோ மலையாளத்தில் வலியைச் சொல்கிறார். தொடக்கத்தில் சுமையாகத் தோன்றும் இதுவே பின்னர்ச் செல்வமாகும். நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு கிழவர் தமிழில் முனகினாலும் மலையாளத்தில் முனகினாலும் பொருளறிந்து ஓடிவரும் செவிலியைப் போல் எல்லைப்புற மருத்துவமனைக்கு உதவுபவர் யார்? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தியோ மராத்தியோ கன்னடமோ பேச வல்லவராயின், அவர்களுக்கும் இது பொருந்தும்.

சான்றிதழ்களில் விழிப்பு வேண்டும். ஒரு மாநில அரசு ஒதுக்கும் இடங்களுக்கு அம்மாநிலத்தார் என்னும் சான்று தேவை. சாதிச் சலுகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். களியக்காவிளைக்கு இப்பால் ஒரு பட்டியல், அப்பால் ஒரு பட்டியல். பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அவ்வொதுக்கீட்டைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இதனை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்திருத்தல் நலம். பதிவைப் பொறுத்தவரை நல்ல செய்தி உண்டு. ஏற்பளிக்கப்பட்ட படிப்பை முடித்து ஒரு மாநிலக் கவுன்சிலில் பதிந்தவர், உரிய விண்ணப்பத்தின் பேரில் மற்றொரு மாநிலத்திலும் பதியலாம். நெய்யூரில் கற்றவர் நெய்யூரிலேயே முடங்க வேண்டிய காலம் போயிற்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியுள்ளது. ஆதலால் அவ்வாண்டு விதிகளை அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே தக்கது.

படிக்கப் பொருளின்றி முதலில் வேலையில் சேர்வோரும் உளர். வார்டு உதவியாளர், ஆயா, அலுவலக முகப்பில் பதிவு எழுதுபவர் ஆகிய பணிகள் இன்றும் கிடைக்கும். அவை நேர்மையான உழைப்பு. மருத்துவமனையின் ஒழுங்கைப் பழகவும், இரத்தத்தையும் மரணத்தையும் கண்டு கலங்காத மனம் தனக்கு உண்டா என அறியவும் உதவும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. லோவின் காலத்தைப் போல, இன்று வார்டில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவ்வுழைப்பு மட்டும் ஒருவரைச் செவிலியாக்காது. சில மாதங்களில் செவிலியாக்குவோம் என்று பணம் பெறும் இடங்களின் சான்றிதழ் பதிவுப் புத்தகத்தில் ஏறாது. சேரும் முன்னரே, அப்பள்ளி மாநிலக் கவுன்சிலின் பட்டியலில் உள்ளதா என்று கேட்டறிதல் பெற்றோரின் கடமை. கடன் வாங்கிக் கட்டிய பணமும் பெண்ணின் இரண்டு ஆண்டுகளும் வீணாகாமல் அந்த ஒரு கேள்வி காக்கும்.

படித்துப் பதிந்தபின்னும் தொல்லைகள் தீரவில்லை. பயிற்சி என்னும் பெயரால் சொற்பக் கூலிக்கு வேலை வாங்குதலும், சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒப்பந்தத்தால் கட்டிப்போடுதலும் பல மாநிலங்களில் நிகழ்ந்தன. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் கேரளத்தின் தனியார் மருத்துவமனைச் செவிலியர் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். உச்ச நீதிமன்றம் 2016-இல் செவிலியர் ஊதியத்தைப் பற்றிக் குழு அமைக்கப் பணித்தது. 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை மாதம் 20,000 ரூபாய் என அறிவித்தது. பிறருக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் தமக்காகவும் ஒருமுறை எழுந்து நின்றதன் பயன் அது.

இருநூறு ஆண்டுக் கதையைச் சுருங்கச் சொன்னோம். லேஸ் பின்னிய விரல்களும் பேறு பார்த்த கைகளும் கட்டுத்துணி துவைத்த கைகளும் சேர்ந்து இத்தொழிலை இங்கே உருவாக்கின. ஒவ்வொரு தலைமுறையிலும் வாயிற்படி ஒரு முழம் உயர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் கல்வியைக் கொண்டே அதனை ஏறிக் கடந்தது. ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், உறவினர் வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருப்பின், அடுத்து என்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று அன்போடு கேளுங்கள். செவிலியாக விரும்புகிறேன் என்று அப்பிள்ளை சொன்னால், சேரவிருக்கும் பள்ளியின் பெயரைக் கவுன்சிலின் பட்டியலில் தேடிக் கொடுங்கள். அதுவே இவ்வூர்களுக்கு நாம் செய்யத்தக்க சிறந்த உதவி.